குளிர்விப்பது தண்ணீர் அல்ல

கேம் ஓடும்போது ஒரு கணினி 400 வாட் மின்சாரம் இழுக்கிறது என்றால், அந்த 400 வாட்டும் கடைசியில் வெப்பமாகி அறைக்குள்தான் வந்து சேரும். திரையில் எவ்வளவு பெரிய போர் நடந்தாலும் இயற்பியலின் பேரேட்டில் அது வெறும் ஹீட்டர்தான். உள்ளே இருப்பது ஃபேனா, பம்பும் தண்ணீருமா என்பது இந்தத் தொகையை ஒரு வாட் கூடக் குறைப்பதில்லை. பம்ப் தன் பங்குக்குச் சில வாட்டைக் கூட்டவே செய்யும். ‘வாட்டர் கூலிங் போட்டால் ரூம் சூடாகாது’ என்று நம்பிப் பணம் போடுகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஏமாந்து போவார்கள். வெப்பம் எங்கே பிறக்கிறது, எந்த வழியாகக் காற்றில் கலக்கிறது, வழியில் எவ்வளவு சத்தம் போடுகிறது என்ற மூன்று கேள்விகளே நம் கையில் இருக்கின்றன. அவற்றில் மூன்றாவதுதான் இந்த அத்தியாயத்தின் பொருள். குறைந்த செலவில் சத்தமில்லாத ஒரு கேமிங் கணினி வேண்டும் என்றால் பணத்தை எங்கே போட வேண்டும்? தண்ணீரில் என்பது விளம்பரம் தரும் விடை. கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறாக இருக்கிறது.

முதலில் வெப்பம் பிறக்கும் இடம். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் கணக்குப் போடும் சிலிக்கான் துண்டின் பரப்பு ஏறத்தாழ 70 சதுர மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தளவு. அதில் 100 வாட் பிறந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 140 வாட்டுக்கு மேல் வருகிறது. வீட்டு இஸ்திரிப் பெட்டி 1,000 வாட்டை ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர் தகட்டில் பரப்புகிறது. சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 5 வாட். இஸ்திரிப் பெட்டியைவிட முப்பது மடங்கு அடர்த்தியில் கொதிக்கும் ஒரு புள்ளியிலிருந்து வெப்பம் முதலில் சிலிக்கானைக் கடக்க வேண்டும், பிறகு மேலே ஒட்டிய உலோக மூடியை, தெர்மல் பேஸ்ட்டை, அதன்பின் வெப்பத்தை நீருக்குக் கடத்தும் வாட்டர் பிளாக்கின் செம்பை. ஒவ்வொரு படியிலும் சில டிகிரி சுங்கம் கட்டித்தான் நகர முடியும். நல்ல வாட்டர் பிளாக் போட்ட பிறகும் சிலிக்கானுக்கும் நீருக்கும் இடையே 30, 40 டிகிரி வேறுபாடு நிற்பது சாதாரணம்; ரேடியேட்டரில் நீருக்கும் அறைக் காற்றுக்கும் இடையே நிற்பதோ 10, 15 டிகிரிதான். ‘சின்ன ரேடியேட்டரை எடுத்துவிட்டுப் பெரியது போட்டேன், மூன்று டிகிரிதான் குறைந்தது’ என்று புலம்புவோருக்கு இதிலேயே பதில் இருக்கிறது. நெரிசல் சிலிக்கானின் வாசலில். அவர்கள் அகலப்படுத்தியது ஊருக்கு வெளியே உள்ள சாலையை. ஆனால் அவர்கள் போட்ட பணம் வீணாகவில்லை. அது வெப்பமானியில் தெரியாது, காதில் தெரியும்.

தண்ணீரின் வேலை என்ன? சுமை தூக்குவது. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4,180 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு கிலோ காற்றுக்கு 1,005 ஜூல். அடர்த்தியையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே கன அளவில் நீர் சுமக்கும் வெப்பம் காற்று சுமப்பதைப்போல ஏறக்குறைய 3,500 மடங்கு. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்ற மிக மெதுவான ஓட்டத்தில்கூட, 300 வாட்டை ஏற்றிக்கொண்டு நீர் நாலேகால் டிகிரிதான் சூடாகிறது. நாலு லிட்டர் ஓடினால் ஒரு டிகிரியை ஒட்டி. எது முன்னால், எது பின்னால்? ப்ராசசருக்கு முதலில் நீர் போக வேண்டுமா, கிராபிக்ஸ் கார்டுக்கா, இரண்டுக்கும் நடுவே ஒரு ரேடியேட்டர் வைக்கலாமா என்று ஆரம்பத்தில் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி இது. அதற்கும் இந்தக் கணக்கே பதில். வழக்கமான ஓட்டத்தில், சுற்றில் எந்த இரண்டு இடத்தை எடுத்தாலும் நீரின் வெப்பநிலை ஓரிரு டிகிரிக்குள்தான் வேறுபடும். ஹோஸ் குறைவாக, வளைவு குறைவாக எந்த வரிசை வருகிறதோ அதையே போடலாம். தொட்டி மட்டும் பம்புக்கு முன்னால், பம்பைவிட மேலே இருக்கட்டும். காற்றை விழுங்கிய பம்ப் கத்தும், சீக்கிரம் தேயும்.

நீர் சில்லென்று இருக்க வேண்டும் என்பது இன்னொரு பிரமை. சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் சேர்ந்து 2010இல் இயக்கிய அக்வாசார் என்ற மீக்கணினியில் உள்ளே அனுப்பிய நீரின் வெப்பநிலை சுமார் 60 டிகிரி. கை வைத்தால் சுடும் அந்த நீரே சில்லுகளை 85 டிகிரிக்குக் கீழே நிறுத்தியது. வெளியே வந்த சூடு பல்கலைக்கழகக் கட்டடங்களை வெதுவெதுப்பாக்கப் போனது. மியூனிக் அருகே சூப்பர்மக் மீக்கணினியும் 2012இல் இதே வெந்நீர்ப் பாதையில் வந்தது. சில்லிலிருந்து நீருக்கு வெப்பம் இறங்க நீர் சில்லைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் போதும், பனியாக இருக்க வேண்டியதில்லை. வீட்டுக் கணினியில் ஹோஸையும் பம்பையும் கருதி 60 டிகிரியைத் தொடவிடக் கூடாது என்பது ஒன்றே கட்டுப்பாடு. அதற்குக் கீழே 40 என்ன, 48 என்ன, கேம் ஆடுகிறவருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. இந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்வதுதான் அமைதியின் முதல் பாடம்: நீரைக் கொஞ்சம் சூடாகவே ஓடவிட்டு ஃபேனை மெதுவாக்குவது.

இனி சத்தம். ஃபேன்களுக்கென்று பொறியியலில் எளிய விதிகள் சில உண்டு. ஒரே ஃபேனின் வேகத்தை மாற்றினால் அது தள்ளும் காற்று வேகத்துக்கு நேர் விகிதத்திலும், உண்டாக்கும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்திலும், தின்னும் மின்சாரம் வேகத்தின் கன மடங்கிலும் மாறும். சத்தம் ஏறத்தாழ வேகத்தின் ஐந்தாம் அடுக்கைப் பின்தொடரும்: வேகம் பாதியானால் 15 டெசிபல் குறையும், மூன்றில் ஒரு பங்கானால் 24 டெசிபல். இன்னொரு பக்கம், ஒரே அளவு சத்தம் போடும் ஃபேன்களை மூன்றாக்கினால் கூடுவது வெறும் 5 டெசிபல். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 1,800 சுற்று ஓடும் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனுக்குப் பதில், மூன்று மடங்கு பரப்புள்ள ரேடியேட்டரில் 600 சுற்றில் ஓடும் மூன்று ஃபேன்களைப் போடுகிறோம். தள்ளப்படும் மொத்தக் காற்று அதேதான். மின்செலவு ஒன்பதில் ஒரு பங்கு. சத்தமோ 19 டெசிபல் குறைவு; 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதியாகத் தோன்றும் என்ற வழக்கமான கணக்கில் இது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அதோடு காற்று தகடுகளுக்கிடையே மூன்று மடங்கு நேரம் தங்கிப் போவதால் அதிக வெப்பத்தையும் அள்ளிக்கொண்டு போகிறது. விலையைத் தவிர இதில் நட்டக் கணக்கு எதுவும் கிடையாது. மிகக் குறைந்த வேகத்தில் பேரிங்கின் முணுமுணுப்பு அடித்தளமாக நின்றுவிடும் என்பதால் ஏட்டில் வரும் 19 அப்படியே அறையில் வராமல் போகலாம். திசை மட்டும் மாறாது. அமைதியைத் தருவது பரப்பு. அந்தப் பரப்பை ப்ராசசரின் தலைமேல் வைக்க இடமில்லாததால் வேறெங்கோ கொண்டுபோய் வைக்க உதவுகிற வாகனம்தான் தண்ணீர்.

இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால் கடையில் பாதிப் பொருள்களைத் தள்ளிவிடலாம். பரப்பு கூடவில்லை என்றால் தண்ணீருக்கு அங்கே வேலையில்லை. 240 மில்லிமீட்டர் அளவுள்ள மூடிய வாட்டர் கூலரை எடுத்துக்கொள்வோம். ‘ஏஐஓ’ என்று கடைக்காரர் சொல்வது. டென்மார்க்கின் ஏசெடெக் நிறுவனம் பம்பையும் செம்புத் தகட்டையும் ஒரே டப்பாவில் வைத்துக் காட்டிய வழியில், 2009இல் கோர்சேர் எச்50 போன்றவற்றால் பரவிய வகை இது. பட்ஜெட் கணினிகளில் பரவலாகக் காணப்படுவது இதன் 240 வடிவம். அதில் இருப்பவை இரண்டு 120 ஃபேன்கள். நாக்டுவா என்எச்-டி15 போன்ற இரட்டைக் கோபுர ஏர் கூலரில் இருப்பவை இரண்டு 140 ஃபேன்கள்; ஒரு 140 ஃபேனின் சட்டகப் பரப்பு 120ஐவிட 36 விழுக்காடு அதிகம். ஆக, 240ஐ வாங்குகிறவர் பரப்பில் பெரிதாக எதையும் சம்பாதிக்காமல், இரவு பகலாக ஓடும் ஒரு பம்பின் சத்தத்தை மட்டும் கூடுதலாக வாங்குகிறார். ஏர் கூலரில் கெட்டுப்போக ஃபேன் ஒன்றுதான் உண்டு; கெட்டால் மாற்றிவிடலாம். மூடிய கூலரிலோ பம்ப் போனால், அல்லது ஹோஸ் வழியே ஆண்டுக்கணக்கில் நீர் ஆவியாகிக் குறைந்தால், பெரும்பாலும் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டும். அமைதி ஒன்றே நோக்கம் என்றால் 240தான் சந்தையிலேயே மோசமான பேரம் என்பது என் தீர்ப்பு. கேபினட் சிறியது, உயரமான ஏர் கூலர் நுழையாது என்றால் அது வேறு வழக்கு. 360க்கு மேலே போனால்தான் மூடிய கூலர் தன் பம்பின் பாவத்தைக் கழுவுகிறது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது: வாட்டர் கூலிங் என்றதும் ப்ராசசரை நினைப்பது. கேம் ஓடும்போது நடுத்தர ப்ராசசர் 60 முதல் 100 வாட்டுக்குள் இருக்கும். கிராபிக்ஸ் கார்டோ, ஆர்டிஎக்ஸ் 4070 என்றால் 200 வாட், 4090 என்றால் 450 வாட் வரை. வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கார்டிலிருந்துதான் வருகிறது. கார்டின் ஃபேன்களோ சிறியவை, பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைபட்டவை, ப்ராசசரின் ஃபேன்களைவிட வேகமாகச் சுற்ற வேண்டியவை. ‘360 போட்டும் சத்தம் குறையவில்லை’ என்பவர்களின் கணினியில் சத்தம் போடுவது அநேகமாகக் கார்டு. அப்படியானால் தண்ணீர் முதலில் போக வேண்டிய இடம் அதுவே. ஆனால் பட்ஜெட் அங்கேதான் கையைக் கடிக்கிறது. கார்டு முழுவதையும் மூடும் வாட்டர் பிளாக் ஒவ்வொரு மாடலுக்கும் தனி வடிவம். விலை நடுத்தரக் கார்டின் விலையில் கால் பங்குக்கும் மேலே போகும். அடுத்த கார்டு வாங்கும் நாளில் அது காயலான் கடைச் செம்பு. இதற்கு மூன்று மாற்று உண்டு. சிலிக்கானை மட்டும் தொடும் பொது பிளாக்கைப் போட்டு, நினைவகச் சில்லுகளுக்கும் மின்சீராக்கும் பகுதிக்கும் சிறு அலுமினியத் துண்டுகளை ஒட்டி அவற்றின் மேல் ஒரு மெதுவான ஃபேனை வீசவைப்பது பழைய கைகளின் வழி. அந்த பிளாக் கார்டு மாறினாலும் கூடவே வரும். என்இசட்எக்ஸ்டி நிறுவனம் கிராக்கன் ஜி10 போன்ற தாங்கிகளை விற்ற காலத்தில், ப்ராசசருக்கான மூடிய கூலரையே கார்டின் மேல் மாட்டுவது இரண்டாவது வழியாக இருந்தது. மூன்றாவதற்குத் தண்ணீரே வேண்டாம்: கார்டின் பிளாஸ்டிக் கூட்டையும் குட்டி ஃபேன்களையும் கழற்றிவிட்டு, அதன் சொந்தத் தகடுகளின்மேல் இரண்டு 120 ஃபேன்களைக் கட்டுவது. கேபிள் டை நாலும் ஒரு மாற்று வயரும்தான் செலவு. வாரன்ட்டி போகக்கூடும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பல கார்டுகளில் இந்த ஒரு வேலையே தண்ணீர் ஆசையைத் தணித்துவிடும்.

எதையும் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: வோல்டேஜைக் குறைப்பது. சில்லு தின்னும் மின்சாரம் அதிர்வெண்ணுக்கு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் இருக்கிறது. தொழிற்சாலை ஒவ்வொரு சில்லையும் தனியே சோதித்து ஒட்டக் கத்தரிப்பதில்லை. கூட்டத்தில் நலிந்ததும் ஓட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூடுதல் வோல்டேஜ் வைக்கிறது. 1.05 வோல்டில் ஓடும் சில்லு அதே வேகத்தில் 0.95 வோல்டிலும் நிலையாக ஓடினால், நிலைமாற்றத்தில் செலவாகும் மின்சாரம் 18 விழுக்காடு குறைகிறது. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும்போது கார்டு 140 சட்டகம் வரைந்து தள்ளுவதில் யாருக்கும் பயனில்லை. அதற்கு ஒரு வரம்பு வைத்தால் இன்னும் குறையும். ‘காசு கொடுத்து வாங்கிய வேகத்தை நானே ஏன் வெட்ட வேண்டும்’ என்பது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் வேகத்தின் கடைசிச் சில விழுக்காட்டுக்குத்தான் மின்சாரம் தாறுமாறாக ஏறுகிறது. அந்தக் கடைசிச் சில விழுக்காட்டைக் கண்டுபிடிக்க அளவிடும் மென்பொருள் வேண்டும், அது போடும் சத்தத்தைக் கண்டுபிடிக்க எதுவும் வேண்டாம்.

இந்தக் குறைப்பு பணமாக மாறுவதை ரேடியேட்டர் கணக்கில் நேராகப் பார்க்கலாம். ரேடியேட்டரின் ஒரு 120 பகுதி வழியாக, காதுக்கு எட்டாத வேகத்தில் ஃபேன் நொடிக்கு 6 லிட்டர் காற்றைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை ஏறத்தாழ 7 கிராம். ஒரு டிகிரி ஏற அது எடுத்துக்கொள்வது நொடிக்கு 7 ஜூல். நீர் அறையைவிட 15 டிகிரி சூடாக இருந்து, காற்று 12 டிகிரி ஏறி வெளியேறினால், அந்தப் பகுதி அகற்றுவது சுமார் 85 வாட். இப்போது ப்ராசசர் 100, கார்டு 220, ஆக 320 வாட் உள்ள கணினிக்கு நாலு பகுதி தேவை: ஒரு 360உம் ஒரு 120உம், அல்லது இரண்டு 240. வோல்டேஜைக் குறைத்து அதை 70உம் 170உமாக, 240 வாட்டாக்கினால் மூன்று பகுதி போதும். ஒரே ஒரு 360. ஒரு ரேடியேட்டர், ஃபேன், இரண்டு இணைப்புகள், ஒரு முழம் ஹோஸ் ஆகியவற்றின் விலை, அரை மணி நேரம் மென்பொருளில் உட்கார்ந்ததில் மிச்சம். ஊரில் வழங்கும் ‘120க்கு 100 வாட்’ என்ற வாய்ப்பாட்டை நம்பிப் போகிறவர்கள் அது எந்த ஃபேன் வேகத்துக்கு, நீர் எத்தனை டிகிரி ஏற என்பதைக் கேட்காமலே வாங்குகிறார்கள். வேகத்தைச் சொல்லாத வாட் கணக்கு அரைக் கணக்கு.

ரேடியேட்டர் வாங்கும்போது தடிமனைப் பார்த்து மயங்க வேண்டாம். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் விழும் என்று பார்த்தோம். 600 சுற்றில் ஓடும் ஃபேனுக்கு நெருக்கமான தகடுகளுக்குள் காற்றை நுழைக்கும் தெம்பு கிடையாது. ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் தடிமனும் தளர்ந்த தகடுகளும் உள்ள ரேடியேட்டர், மெதுவான ஃபேனிடம் 60 மில்லிமீட்டர் தடியனுக்குச் சற்றும் சளைக்காது, விலையும் குறைவு. இடம் இருந்தால் 140 ஃபேன்களுக்கான 280, 420 அளவுகள் இன்னும் நல்லவை. கேபினட்டின் முகப்பு கண்ணாடியால் அடைபட்டிருந்தால் எந்த ரேடியேட்டரும் மூச்சுத்திணறும், வலைமுகப்பு வேண்டும். நம் வீடுகளின் தூசிக்கு வலையும் தகடும் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் பிரஷ் கேட்கும். கேபினட்டுக்கு வெளியே வைக்கத் துணிந்தால் கதையே வேறு. ஜெர்மனியின் வாட்டர்கூல் நிறுவனத்தின் மோ-ரா3 ரேடியேட்டரில் 120 ஃபேன் ஒன்பது பொருந்தும். அந்தப் பரப்பில் ஃபேன்கள் ஓடுகின்றனவா என்பதையே தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பட்ஜெட்காரர்களின் மூதாதையர் இதை வேறு விதமாகச் செய்தார்கள். கணினிக்கென்று ரேடியேட்டர் விற்காத அந்தக் காலத்தில், பழைய செவ்ரோலே, பான்டியாக் கார்களின் கேபின் ஹீட்டரில் இருந்த செம்புச் சுருளை உடைசல் கடையில் வாங்கி, எஹைம் மீன்தொட்டி பம்பில் பூட்டினார்கள். அழகு போதாது, இயற்பியல் துல்லியமாக இருந்தது.

ஃபேன்கள் அடங்கியதும் பம்ப் கேட்கத் தொடங்கும். பம்பின் சத்தம் தன்மையிலேயே வேறு. காற்றின் இரைச்சல் பல அதிர்வெண்களில் சிதறிக் கிடப்பதால் மூளை அதைப் பின்னணியில் தள்ளிவிடுகிறது. பம்பின் ரீங்காரம் ஒரே சுருதியில் நிற்பதால் டெசிபலில் குறைவாக இருந்தாலும் உறுத்துகிறது. லெயிங் நிறுவனம் வடிவமைத்த டி5 இந்தத் துறையின் பழைய நம்பிக்கை: அதன் சுழலிக்கு அச்சுத்தண்டு கிடையாது, ஒரு செராமிக் குண்டின்மேல் அமர்ந்து சுற்றுகிறது, வேகம் மாற்றும் வகையில் ஒன்று முதல் ஐந்து வரை நிலைகள், 1,800 முதல் 4,800 சுற்று வரை. ஐந்தில் வைத்து ஓட்டுவது வீண். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் ஓடினாலே 240 வாட்டுக்கு நீர் இரண்டு டிகிரிக்குள்தான் ஏறும் என்பதால் இரண்டாம் நிலை, மிஞ்சினால் மூன்று. மீதிச் சத்தம் அதிர்வாகக் கேபினட் தகட்டில் இறங்கி அதை ஒலிபெருக்கியாக்குகிறது. பம்பைத் திருகாணியால் இறுக்காமல் ஓர் அங்குல நுரைப்பஞ்சின்மேல் உட்கார வைத்து, மென்மையான ஹோஸால் இணைத்தால் அந்த வழி அடைபடும். கண்ணாடிபோல் வளைத்த கடினக் குழாய் படத்துக்கு அழகு; அதிர்வைக் கடத்துவதிலும் கெட்டி. ஒரு நல்ல இரட்டைக் கோபுர ஏர் கூலரை டி5 பம்ப் ஒன்றின் விலைக்குள்ளேயே வாங்கிவிடலாம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். தண்ணீர் தன் செலவை நியாயப்படுத்துவது கார்டையும் சேர்த்துச் சுற்றில் கொண்டுவரும்போது மட்டுமே.

சுற்று அமைத்தவர்களில் பெரும்பாலோர் அதன் மிகப் பெரிய வரத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். மதர்போர்டு, வழக்கம்போல, ப்ராசசரின் வெப்பநிலையைப் பார்த்து ஃபேன் வேகத்தை மாற்றுகிறது. ஒரு விண்டோவைத் திறந்தால் சிலிக்கான் ஒரு நொடிக்குள் 20 டிகிரி எகிறும், அடுத்த நொடி இறங்கும். ஃபேனும் கூடவே ஏறி ஏறி இறங்கும். காது நிலையான சத்தத்தை மன்னிக்கும், ஏறி இறங்கும் சத்தத்தை மன்னிக்காது. நீரோ அவசரப்படுவதில்லை. முக்கால் லிட்டர் நீர் ஒரு டிகிரி ஏற 3,100 ஜூலுக்கு மேல் வேண்டும். 250 வாட்டும் அப்படியே நீரில் தங்கினாலும் அதற்குப் பன்னிரண்டு நொடிக்கு மேல் ஆகும். இணைப்பு ஒன்றில் திருகி வைக்கும் சிறிய வெப்ப உணரியை வாங்கி, அதை ஏற்கும் மதர்போர்டில் செருகி, நீரின் வெப்பநிலையைப் பார்த்து ஃபேன் ஓடும்படி வைத்தால், கேம் தொடங்கிச் சில நிமிடம் கழித்துத்தான் ஃபேன் மெல்ல எழும். சுற்றிலேயே மிக மலிவான பொருள் அந்த உணரி. பலன் கேட்டால் அதற்குத்தான் முதல் இடம்.

திரவத்தில் அலங்காரம் வேண்டாம். செம்பு, பித்தளை, நிக்கல் ஒரே சுற்றில் சமாதானமாக இருக்கும்; அலுமினியம் சேர்ந்தால் சண்டை. நியம மின்முனை அழுத்தத்தில் செம்பு +0.34 வோல்ட், அலுமினியம் −1.66 வோல்ட். இடையில் கடத்தும் நீர் வந்தால் அது மின்கலமாகி அலுமினியத்தைத் தின்னும். மலிவாகக் கிடைக்கிறதென்று அலுமினிய ரேடியேட்டரையும் செம்பு பிளாக்கையும் சேர்ப்பது பட்ஜெட்காரர்களைப் பிடித்த நோய். மூடிய கூலர்களில் அந்தச் சேர்க்கைதானே இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது, அரிப்புத் தடுப்பான் கலந்த கிளைகால் திரவத்தால் நிரப்பி, ஆக்சிஜன் புகாமல் மூடி வைத்திருப்பதால் ஆண்டுகள் ஓடுகின்றன. கையால் நிரப்பும் சுற்றில் அந்தக் கண்டிப்பு நமக்கு வராது. காய்ச்சி வடித்த நீரும், அரிப்புத் தடுப்பானும் பாசிக்கொல்லியும் கலந்த தெளிவான அடர்திரவமும் போதும். பால்போன்ற வண்ணத் திரவங்களில் மிதக்கும் துகள்கள் பிளாக்கின் நுண் தகடுகளில் படிந்து அடைக்கும். ஹோஸில் ஈபிடிஎம் ரப்பர் கறுப்பாக, அழகில்லாமல் இருக்கும். தெளிந்த பிவிசி ஹோஸ்போல நாளடைவில் மெழுகுபோன்ற பிசுக்கைக் கக்காது. புது ரேடியேட்டரைச் சூடான வடிநீரில் பாதி நிரப்பிக் குலுக்கி ஊற்றிப் பாருங்கள். பற்றாசு வைத்தபோது தங்கிய பழுப்புப் பிசுக்கு வெள்ளைத் துணியில் துகள் துகளாக விழும். நீர் தெளியும் வரை அலசாமல் பூட்டினால் அந்தத் துகள் போய்ச் சேரும் இடமும் பிளாக்தான்.

எங்கள் ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எடுபடுமா என்பது சென்னையிலோ மதுரையிலோ இருந்து வரும் ஆட்சேபம். வெளிநாட்டு அளவீடுகள் 20, 22 டிகிரி அறையில் எடுக்கப்படுகின்றன. மே மாதத்து அறை 35இல் இருந்தால் எல்லா எண்களோடும் 13, 15ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். நீர் 50 டிகிரியில் நிற்கும், ப்ராசசர் 85ஐத் தொடும். இரண்டும் வரம்புக்குள்தான், ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95 டிகிரியே இயங்கு எல்லை. நீரில் ஐஸ் போடலாமா, சில்லர் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: கடலோர ஊர்களில் காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டி இருக்கும் நாள்கள் ஏராளம், அதற்குக் கீழே குளிர்ந்த பிளாக்கில் வியர்வைபோல் நீர் கோத்து மதர்போர்டில் சொட்டும். சாதாரண ரேடியேட்டர் அறை வெப்பநிலைக்குக் கீழே நீரைக் கொண்டுபோகவே முடியாது என்பதால் அந்த ஆபத்து அதில் இல்லை. ‘தலைக்கு மேல் சீலிங் ஃபேன் ஐந்தில் ஓடும்போது கணினியின் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது’ என்பதுதான் இதைவிட வலுவான ஆட்சேபம். பலருக்கு அது முழு உண்மை. ஏசி அறையில் இரவில் ஆடுகிறவர், மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்கிறவர், குழந்தை தூங்கும் அறையில் ஆட வேண்டியவர் ஆகியோருக்கே இந்தக் கணக்கு பொருந்தும். மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல கார்டு வாங்கலாம்.

கசிவு பயம் நியாயமானது. 2004இல் ஆப்பிள் திரவக் குளிர்விப்போடு வெளியிட்ட பவர் மேக் ஜி5 கணினிகளில் சில, ஆண்டுகள் கழித்து உள்ளே கசிந்து கெட்டன; பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. கையால் பூட்டும் சுற்றில் கசிவு பெரும்பாலும் முதல் நாளே இணைப்புகளில் தெரிந்துவிடும். மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய இணைப்பியை மதர்போர்டில் செருகாமல், தனியே கிடைக்கும் பாலச் செருகியை மாட்டிப் பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ காகிதம் விரித்து ஒரு நாள் முழுக்க ஓடவிட வேண்டும். காகிதம் உலர்ந்திருந்தால் மட்டும் கணினிக்கு உயிர் கொடுக்கலாம்.

தண்ணீரால் தீராத சத்தங்களும் உண்டு. கார்டின் மின்சுருள் அதிவேகச் சட்டகங்களில் கீச்சென்று கத்துவது, 7,200 சுற்று ஹார்ட் டிஸ்கின் உறுமல், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபேன். ஆயிரக்கணக்கில் செலவழித்து எல்லா ஃபேன்களையும் அடக்கிய பிறகு இவை மட்டும் தனியாகக் கேட்கும்போது மனம் நொந்துபோகும். அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு கேம் ஓடட்டும். மென்பொருளில் ப்ராசசர் ஃபேனையும் கேபினட் ஃபேன்களையும் கார்டு ஃபேனையும் ஒவ்வொன்றாக, சில நொடிகள் மட்டும், வெப்பநிலையைக் கவனித்தபடியே குறைத்து, எது அடங்கும்போது அறை அடங்குகிறது என்று கேளுங்கள். அது கார்டு ஃபேன் என்றால் வோல்டேஜிலிருந்து தொடங்குங்கள். எதைக் குறைத்தும் சத்தம் மாறவில்லை என்றால் வாட்டர் கூலிங் வாங்காதீர்கள்.